தனியாகத் தூங்கிய குட்டி

நாய்க்குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்களோ, எனக்குத் தெரியாது. நான் சேர்ந்த புதிதில், தோப்பில் களை எடுக்கிற வேலை என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தோம். அந்தப் பொய் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. குட்டிகளின் பால்வாடை என் புடவையிலேயே ஊறிக் கிடந்தது. "இன்னா ஸ்டெல்லா, நாய்க்கு ஆயாவாப் போயிட்டியாமே" என்று தெருவே கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் கேட்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. நீங்களும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எந்த வயதில் என்ன தீனி, எப்போது பூச்சி மருந்து, எப்போது ஊசி என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. எனக்கு ஒரு குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் நான் சொல்ல நினைப்பதில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதியை நீங்களே கடி வாங்கித் தெரிந்துகொள்வீர்கள்.

எழுபதுகளில் நடந்தது இது. கிருமாம்பாக்கம் தாண்டி, கடலூர் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை உள்ளே போகும். அதன் முடிவில் ஒரு தென்னந்தோப்பு. புதுச்சேரி டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் எங்கள் முதலாளி. கடையைத் தம்பிமார் தலையில் கட்டிவிட்டு, தோப்பில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, நாய்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ராஜபாளையம், கோம்பை, அல்சேஷன், குட்டைக்கால் டாஷண்ட், ஊரில் எல்லோரும் சடைநாய் என்று சொல்கிற பொமரேனியன் என்று அத்தனையும் அங்கே இருந்தன. குட்டி வாங்கக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள்.

முதலாளி ஒரு பழக்கம் வைத்திருந்தார். பால் மறந்த குட்டிகளை இனம் பிரிக்காமல் ஒரே பட்டியில் விட்டுவிடுவார். "எல்லாச் சாதியும் ஒண்ணா வளரட்டும், அப்பத்தான் நாளைக்கு எந்த நாயப் பாத்தாலும் பயப்படாது" என்பார். மனிதர்கள் விஷயத்தில் அவர் இவ்வளவு தாராளம் இல்லை என்பது வேறு கதை. ஆனால் பட்டி விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். குட்டிகள் தைரியமாக வளர்ந்தன.

மத்தியானத்தில் அந்தப் பட்டியைப் பார்க்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. சோறு தின்று முடித்து, தென்னை நிழல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, அத்தனையும் தூங்கும். அல்சேஷன் குட்டி எங்கே படுத்தாலும் கதவுக்குக் குறுக்கேதான் படுக்கும். டாஷண்ட் கோணிக்கு அடியில் புகுந்து, வால் மட்டும் வெளியே தெரியும். கோம்பை சுவருக்கு முதுகைக் கொடுத்து முகத்தை வெளியே வைத்துக்கொள்ளும். சடைநாய்க்குட்டி தூக்கத்திலும் ஒரு காதை நிமிர்த்தி வைத்திருக்கும். ராஜபாளையம் நாலு காலையும் நீட்டி, இந்தத் தோப்பே தன்னுடையது என்பது போல் கிடக்கும். பூரணாங்குப்பம் பக்கமிருந்து காற்று வரும்போது கடல் சத்தம் கேட்பது போல இருக்கும். கடலா தென்னை ஓலையா என்று எனக்கு ஒருநாளும் நிச்சயமாகத் தெரிந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியின் கால் துடிக்கும். அடுத்ததின் உதடு அசையும். எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் அவை. அவற்றைப் பார்த்துக்கொண்டே நானும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறேன். வேலை நேரத்தில் தூங்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தப் பருவத்தில் பட்டியில் ஒரு ராஜபாளையம் குட்டி இருந்தது. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். நான் அதற்குத் தொரை என்று பேர் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அந்த நிறத்துக்கு வேறு பேர் கிடையாது. அதற்கு உயிர்ச் சிநேகிதம் பஞ்சு என்ற சடைநாய்க்குட்டி. தொரை எங்கே போனாலும் பஞ்சுவை ஒரு கண் பார்த்துக்கொண்டேதான் போகும். தொரையின் கால் இடுக்கில் பஞ்சு படுத்துக்கொள்ளும்.

ராஜபாளையத்தில் இப்படி முழு வெள்ளையாய்ப் பிறக்கிற சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கும் அது தெரியும். அதற்காகவே நாங்கள் ஒரு சோதனை வைத்திருந்தோம். பட்டிக்கு வெளியே மறைவாக நின்று அலுமினியக் குண்டானைக் கரண்டியால் தட்டுவோம். எந்தக் குட்டி வருகிறது, எது வரவில்லை என்று பார்ப்போம். தொரை எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்கும். "இந்தப் பருவத்துக் குட்டிங்கள்ள இதுக்குத்தான் காது கூர்மை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு ரைஸ்மில்காரருக்குத் தொரையைப் பிடித்துப்போயிற்று, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். கடலூர் ரோட்டு மேலேயே அவருக்கு மில். வாசலில் லாரி நிற்கும், பஸ் பறக்கும். மில்லுக்குப் பின்னால் வீடு. மூட்டைகளுக்குக் காவலாக மில் வாசலில் நிற்க அவருக்கு ஒரு நாய் வேண்டும். அவர் அதிகம் பேசாத மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்டார், போய்விட்டார்.

குட்டியை ஒப்படைக்கிற அன்று காலையில் அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். நான் தொரையைக் குளிப்பாட்டி, பின்பக்க வராந்தாவில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு கோணியைப் போட்டுக் காய விட்டேன். மற்ற குட்டிகள் பட்டியில் இருந்தன. பிறந்ததிலிருந்து அது தனியாகப் படுத்தது அன்றைக்குத்தான். வெந்நீர்க் குளியல் கொடுத்த சுகம், படுத்த உடனே தூங்கிவிட்டது. முன்பக்கம் மில்காரரும் அவர் வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தண்ணீர்க் குடம் என் இடுப்பிலிருந்து நழுவி, வராந்தாவுக்கு எதிரே இருந்த துவைகல்லில் விழுந்து, உருண்டு, வேலிவரை போனது. பித்தளைக் குடம். பட்டியில் அத்தனை குட்டியும் ஒரே நேரத்தில் கத்தின. முன்பக்கமிருந்து முதலாளி "இன்னா வுழுந்துச்சி" என்று குரல் கொடுத்தார். எனக்கே ஒரு நிமிடம் காது அடைத்துப்போயிற்று.

தொரை அசையவில்லை.

அதன் முன்னங்கால் மெல்லத் துடித்தது. உதடு விரிந்தது. தூக்கத்திலேயே சின்னதாக, ஏதோ ரகசியம் சொல்வது போல் ஒரு குரைப்பு. அப்புறம் மூச்சு விட்டது. வெயிலில் அதன் காதுக்குள் ரத்த ஓட்டம் ரோஜா நிறமாகத் தெரிந்தது. அவ்வளவு அழகான காது. நான் குனிந்து அதன் காதுக்குப் பக்கத்திலேயே கை தட்டினேன். ஒன்றும் இல்லை. தரையை உள்ளங்கையால் அடித்தேன். அதிர்வு பட்டதும் கண் திறந்து, என்னைப் பார்த்து வாலாட்டியது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. நாங்கள் பட்டிக்கு வெளியே குண்டானைத் தட்டிய ஒவ்வொரு தடவையும் அது பஞ்சுவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சடைநாயின் காது எங்கே திரும்பினாலும் நன்றாகத் தெரியுமே. அந்தக் காது நிமிர்ந்ததும், தன் நீளக் காலால் நாலே தாவலில் முன்னால் வந்து நின்றுவிடும். எல்லாக் குட்டியையும் ஒன்றாக வைத்து வளர்த்த எங்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். வேறு எங்கேயாவது தாயோடு தனியாக வளர்ந்திருந்தால் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நீங்கள் என் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பேசாமல் மஞ்சள் வைத்து ஒப்படைத்தால், குட்டி மில் வாசலுக்குப் போகும். ஹாரன் கேட்காத குட்டி அந்த ரோட்டில் எத்தனை நாள் இருக்கும்? முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் பயனில்லை. குறையுள்ள குட்டி உயிரோடு தன் தோப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். தோப்புக் காவல்காரர் ஒரு கோணிப்பையோடு பாகூர் ஏரிப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம். முதலாளியைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள். அப்படி அனுப்பிய நாட்களில் அவர் சாப்பிட உட்காரமாட்டார். ஆனாலும் அனுப்புவார்.

எப்படிப் பார்த்தாலும் குட்டிக்கு வழியில்லை என்று தோன்றியது. முன்பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. காபி முடிந்துவிட்டது. "ஸ்டெல்லா, குட்டியக் கொண்டா" என்றார் முதலாளி. தனியாகச் சொன்னால் அவர் ஒருவர்தான் முடிவு செய்வார், எல்லோர் முன்னாலும் சொன்னால் எல்லோருக்கும் அதில் பங்கு வந்துவிடும் என்று மட்டும் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. தொரையைத் தூக்கிக்கொண்டு போய் நடுக்கூடத்தில் நின்றேன். குட்டியோ என் முகவாயை நக்கிக்கொண்டிருந்தது.

"முதலாளி, இந்தக் குட்டிக்குக் காது கேக்கல."

அவர் சிரித்தார். "இதுக்கா? இன்னா பேசற நீ. இருக்கறதுலயே இதுக்குத்தான் காது."

"தனியா வுட்டுப் பாருங்க முதலாளி. பட்டியில வாணாம்."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். நான் தொரையை வாசலின் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டும்படி இறக்கி விட்டேன். அவர் குண்டானைத் தட்டினார். அது மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஓங்கித் தட்டினார். காக்கை ஒன்று தென்னையிலிருந்து பறந்தது, குட்டி அந்தக் காக்கையின் நிழல் தரையில் ஓடுவதைப் பார்த்தது. அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். பெருமை பேசிப் பேசி வளர்த்த குட்டி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்ல வேள, இப்பவே தெரிஞ்சிது" என்றார்.

"தப்பா நெனைக்காதீங்க. அல்சேஷன் குட்டி ஒண்ணு இருக்குது, மொதல் தரம். அத எடுத்துனு போங்க" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் "காவல்காரன வரச் சொல்லு" என்றார்.

நான் நகரவில்லை.

"அவர எதுக்கு?" என்றது ஒரு குரல். மில்காரர் வீட்டம்மா. வந்ததிலிருந்து அவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். படி இறங்கி வாசலுக்குப் போனார். குட்டியைக் கூப்பிடவில்லை, சூ கொட்டவில்லை. சுற்றி நடந்து அதன் முகத்துக்கு எதிரே போய், புடவையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையை விரித்து வைத்தார். தொரை கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தது. நடந்து போய் அதில் தாடையை வைத்துக்கொண்டது.

"இதையே குடுங்க" என்றார் அந்த அம்மா.

"செவிட்டு நாய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" மில்காரர் கேட்டார்.

"நம்ம வூட்ல பேச்சு இன்னா கொட்டியா கெடக்குது, அது கேட்டு ஆவறதுக்கு?"

அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். அந்த வீட்டுப் பையன் அப்பா பேச்சை மீறி பிரான்சுக்குப் போய்விட்டான் என்பதும், அன்றைக்கு நின்றுபோன பேச்சு அந்த வீட்டில் அதுவரை திரும்பவே இல்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, மில்காரர் தலையைக் குனிந்துகொண்டதை மட்டும்தான்.

ஆனால் முதலாளி விடவில்லை. "வாணாம்மா. கொறையோட ஒரு குட்டி என் பேரச் சொல்லிக்கினு வெளிய போவக்கூடாது."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "மறைச்சிக் குடுத்தாத்தான் முதலாளி பேரு கெடும். நாம சொல்லித்தான குடுக்குறோம்" என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன். அவர் கையிலிருந்த குண்டானைப் படியில் கவிழ்த்து வைத்தார். குட்டி அந்த அம்மாவின் மடியில் ஏறிப் படுத்து, மறுபடி தூங்க ஆரம்பித்திருந்தது.

"மில்லு பக்கம் வுடக்கூடாது. ரோட்டு வாசப்படிய அது தாண்டவே கூடாது" என்றார் முதலாளி.

"தாண்டாது" என்றார் அந்த அம்மா.

முதலாளி வீட்டம்மா உள்ளேயிருந்து மஞ்சள் குங்குமம் கொண்டுவந்து வைத்தார். அந்த வெள்ளை நெற்றியில் அது எடுப்பாக இருந்தது. மில்காரர் கார் மண்பாதையில் போவதைப் பட்டிக் கம்பி வழியாகப் பஞ்சு பார்த்தது. அன்று மத்தியானம் அது தொரை படுக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பக்கத்தில் இடம் விட்டே படுத்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இந்த வேலையில் அழுகை வரும், அதை மறைக்க வேண்டாம்.

அன்றோடு முதலாளி மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். காவல்காரரின் கோணிப்பை அதற்குப் பிறகும் சில காலம் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குட்டிகளைச் சேர்த்து வைத்துச் சோதிப்பதை விட்டோம். ஒவ்வொன்றையும் தனியாகத் தூங்க வைத்துத் தட்டிப் பார்த்தோம். கூட்டத்தில் ஓடுகிற குட்டியைப் பார்த்து நீங்கள் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். தனியாகத் தூங்கும்போது அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். குட்டி கேட்டு வருகிறவர்களிடம் எந்த இனம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் முதலாளியும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் கேட்டார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், மில்காரர் வீட்டம்மா என்னை வந்து போகச் சொன்னதாகத் தோப்புக்கு ஆள் வந்தது. வாக்குக் கொடுத்த வாசற்படியை அது தாண்டிவிட்டது என்றே முடிவுகட்டிக்கொண்டு கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மில் ஓடுகிற சத்தம் ரோடுவரை கேட்டது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா முருங்கை மர நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தொரை தூங்கிக்கொண்டிருந்தது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. அவர் எழுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பாதத்தின் மேல் படுக்கிறது என்று பார்த்தவுடனே புரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"வாம்மா. ஒண்ணும் இல்ல, வளந்ததப் பாக்க வேணாமா நீ" என்றார். உரித்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். உட்கார்ந்து தின்றேன். மில் நின்றது. திடீரென்று வெயிலும் நிழலும் மட்டுமே மிச்சம் என்பது போல இருந்தது.

மில்காரர் உடம்பெல்லாம் தவிட்டோடு பின்வாசல் வழியாக வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நேரே வந்து, நாயின் முகத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தரையில் மெல்லத் தட்டினார். தொரை கண் திறந்து பார்த்தது. அவர் கையால் ஏதோ ஜாடை காட்டினார். அது வாலை மட்டும் ஆட்டியது, பாதத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா உரிப்பதை நிறுத்தாமல் என்னிடம் சொன்னார். "முன்னெல்லாம் மில்லுலேர்ந்தே கொரல் வரும். சோறு எடுத்து வையின்னு. அதோட சரி. இத கொரல் குடுத்துக் கூப்புட முடியாதுல்ல. இதுவோ என் காலவுட்டு நவுராது. இதுகிட்ட வரணும்னா இங்க வந்துதான ஆவணும்."

மில்காரர் காதிலும் அது விழுந்தது. கால் மாற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளி உரிக்க ஆரம்பித்தார்.

"தவிட்டுக் கையோட தொடாதீங்க" என்றார் அந்த அம்மா.

"கழுவிட்டுதான் வந்தேன்" என்றார் அவர்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். ஆகட்டும் என்று மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வழியனுப்ப யாரும் எழுந்து வரவில்லை.